கைப்பேசியில் பறவைக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில், கண்ட பறவைகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வது பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

கேள்வி: காலையில் வீட்டு முன்வாசலில் அமர்ந்து பறவைகளைப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். அவற்றைக் கைப்பேசியிலேயே குறித்து வைக்கலாம் என்று என் பேத்தி சொல்கிறாள். எந்தச் செயலி, எவ்வளவு செலவு, எப்படித் தொடங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, புக்கிட் மெர்தாஜம்

பதில்: அம்மா, தங்களுக்கு ஏற்ற செயலி இபேர்ட். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் இணைந்து 2002இல் தொடங்கிய இத்திட்டம், 2010 முதல் உலகின் எல்லாப் பகுதிகளின் பதிவுகளையும் ஏற்று வருகிறது. 2021இல் அதில் சேர்ந்திருந்த பறவைப் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. செயலிக்கும் கட்டணமில்லை, கணக்குத் தொடங்கவும் கட்டணமில்லை.

பேத்தியிடம் சொல்லிச் செயலியை இறக்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கியதும், வீட்டு வைஃபை இணைப்பில் இருக்கும்போதே மலேசியாவுக்குரிய பறவைத் தொகுப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் இணையம் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்யும். மறுநாள் காலை வாசலில் அமர்ந்தவுடன் புதிய பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தைச் செயலியே கணக்கிடத் தொடங்கிவிடும். அந்த வட்டாரத்தில் அந்த மாதத்தில் காணக்கூடிய பறவைகளின் பெயர்களும் திரையில் வரும். ஒவ்வொரு பறவையையும் கண்டவுடன் அதன் பெயருக்கு நேரே எண்ணிக்கையைக் குறியுங்கள். எழும்போது பட்டியலை நிறுத்தி, இடத்தை உறுதி செய்து, பார்த்த முறை என்ன என்ற கேள்விக்கு விடையளித்து அனுப்பிவிட வேண்டியதுதான். தாங்கள் ஓரிடத்தில் அமர்ந்தே பார்ப்பதால் அது நிலையான பதிவு என்ற வகையைச் சேரும். அமர்ந்த இடத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் எழுந்து நடந்தாலும் அந்த வகை மாறாது.

தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் போதும். நேரத்தை நீட்டுவதை விட, அதே இடத்தில் வாரந்தோறும் தவறாமல் பதிவு செய்வதையே நான் வலியுறுத்துவேன். தங்கள் வாசலில் செப்டம்பரில் இல்லாத பறவை நவம்பரில் வந்து மார்ச்சுக்குப் பின் மறைவதை ஓராண்டுப் பட்டியல்களே காட்டிக் கொடுக்கும். பைனாகுலரை உடனே வாங்க வேண்டியதில்லை. வாங்கும் நாள் வரும்போது, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், கைக்கு அடக்கமான ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் பெரிதாக்குபவை கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கேள்வி: நாங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். சன்னலுக்கு வெளியே காகம், மைனா, சிட்டுக்குருவி ஆகிய மூன்றையும் தவிர எதுவும் வருவதில்லை. இவற்றைப் பதிவு செய்வதால் யாருக்கு என்ன பயன்?
– கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்

பதில்: தம்பி, நீங்கள் மூன்று என்று எழுதியிருக்கும் பறவைகளைச் சற்று நின்று பாருங்கள். நம் நகரங்களில் மைனா என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவற்றுள் பொதுவானவை இரண்டு வகை. ஒன்று, தமிழ்நாட்டிலும் காணப்படும் நாகணவாய். உடல் பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். மற்றொன்று ஜாவா மைனா. உடல் கரிய சாம்பல் நிறம், அலகின் மேலே சிறு கொண்டை முடி, கண்ணைச் சுற்றி அந்த மஞ்சள் தோல் இராது. பறக்கும்போது இரண்டின் சிறகிலும் வெள்ளைத் திட்டுத் தெரிவதால் பறப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. உங்கள் சன்னலில் எது மிகுதி, எது குறைவு என்பதை ஒரு மாதம் எண்ணிப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஜாவா மைனா இந்த மண்ணுக்குரிய பறவையன்று. மனிதரால் இங்கு வந்து பெருகியது. அதன் தாயகமான ஜாவா, பாலித் தீவுகளிலோ கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டு, அருகிவரும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே நமக்குச் சலித்துப்போன ஒரு பறவையின் எண்ணிக்கை, உலக அளவில் அதன் நிலையை அறிய விரும்புவோருக்கு மிகவும் வேண்டிய செய்தி.

காகத்தின் கதையும் இத்தகையதே. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் ஊர்க்காகம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களைத் தாக்கிய பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோர் தோட்டங்களில் வேலை செய்த அந்தக் காலத்தில் வந்திறங்கிய பறவை, இன்று தீபகற்பத்தின் மேற்குக்கரை நகரங்களில் நிறைந்திருக்கிறது. உடல் முழுவதும் கறுப்பாகவும் அலகு தடித்தும் இருக்கும் அண்டங்காக்கையோ இங்கேயே உரியது. காட்டோரங்களிலும் கடற்கரைகளிலும் காணலாம். இரண்டையும் ஒன்றாகக் காகம் என்று எழுதிவிடாதீர்கள்.

சிட்டுக்குருவியில் பெரும்பாலோர் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் கூடு கட்டும் குருவியைத்தான் நாம் படங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதன் ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம். நம் ஊர்களில் பரவலாக இருப்பது மரச்சிட்டு. ஆண், பெண் இரண்டுக்கும் உச்சந்தலை செம்பழுப்பாகவும், வெள்ளைக் கன்னத்தின் நடுவே கறுப்புப் பொட்டு ஒன்றும் இருக்கும். செயலியில் யூரேசியன் ட்ரீ ஸ்பேரோ என்ற பெயரைத் தேர்ந்தெடுங்கள். கன்னத்துப் பொட்டைக் கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகு அழுத்தினால் இன்னும் நல்லது.

கேள்வி: பட்டியலை அனுப்பும்போது, இது முழுமையான பட்டியலா என்று செயலி கேட்கிறது. என்னால் பாதிப் பறவைகளுக்கு மேல் அடையாளம் காண முடியவில்லை. ஆம் என்று சொன்னால் பொய்யாகிவிடாதா? அடையாளம் தெரியாதவற்றை என்ன செய்வது?
– இல்லத்தரசி, ஆயர் ஈத்தாம்

பதில்: ஆகாது, அம்மா. இந்த ஒரு கேள்வியின் பொருளை விளங்கிக்கொண்டால் இபேர்டின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டதாகும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அங்கிருந்த எல்லாப் பறவைகளையும் கண்டுபிடித்தீர்களா என்று செயலி கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் உலகில் யாராலும் ஆம் என்று சொல்ல முடியாது. கண்ணாலோ காதாலோ உங்களால் அடையாளம் காண முடிந்தவை அனைத்தையும் எழுதிவிட்டீர்களா, வேண்டுமென்றே எதையாவது விட்டீர்களா என்பதுதான் கேள்வி. நான்கு பறவைகளை மட்டுமே அறிந்த ஒருவர், அந்த நான்கையும் ஒழுங்காக எழுதினால் அவருடைய பட்டியல் முழுமையானது. நாற்பது பறவைகளை அறிந்த ஒருவர், மைனாவும் காகமும் எதற்கு என்று விட்டுவிட்டு மீதி முப்பத்தெட்டையும் எழுதினால் அது முழுமையற்றது; அவர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஆய்வாளருக்கு ஒரு பறவை இருந்தது என்ற செய்தியோடு, ஒரு பறவை காணப்படவில்லை என்ற செய்தியும் வேண்டும். முழுமையான பட்டியலில் புள்ளிப்புறா இல்லையென்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் தேடியும் அது தென்படவில்லை என்று கொள்ளலாம். முழுமையற்ற பட்டியலில் அது இல்லையென்றால், பறவை வரவில்லையா, எழுதியவர் விட்டுவிட்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஊரில் ஒரு பறவை எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்று இபேர்ட் காட்டும் வரைபடங்கள் முழுமையான பட்டியல்களைக் கொண்டே உருவாகின்றன.

அடையாளம் தெரியாதவற்றை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஊகித்து ஒரு பெயரை எழுதாதீர்கள். கொக்குதான், ஆனால் எந்தக் கொக்கு என்று தெரியவில்லை என்றால், கொக்கு வகை என்ற பொதுப்பெயர் செயலியிலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு நெருங்கிவிட்டீர்கள் என்றால், இரு பெயர்களையும் சாய்கோட்டால் இணைத்த பெயர்கள் சிலவும் உண்டு. ஜார்ஜ்டவுன் வானில் வட்டமிடும் உழவாரக் குருவிகளை அனுபவமிக்கவர்கள்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள். வெள்ளைக்கூடு கட்டும் இனத்தையும் கறுப்புக்கூடு கட்டும் இனத்தையும் பறக்கும் நிலையில் பிரித்தறிவது மிகக் கடினம். இப்படி எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று குறித்த பட்டியலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வேறு வேலையாகப் போகும்போது தற்செயலாக ஒரு பறவையைக் கண்டால், உதாரணமாகப் பாலத்தில் காரில் போகும்போது வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தென்பட்டால், அதைத் தற்செயல் பதிவு என்ற வகையில் தனியே அனுப்புங்கள். வண்டி ஓட்டுபவர் அதை இறங்கிய பிறகே எழுத வேண்டும்.

கேள்வி: மாலையில் மரங்களில் வந்து அடையும் கறுப்புக் குருவிக் கூட்டத்தையும், கோலமூடா பக்கம் சேற்றுக்கரையில் நிற்கும் உள்ளான்களையும் எப்படி எண்ணுவது? நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே.
– துறைமுக ஊழியர், பட்டர்வொர்த்

பதில்: பெரும் கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அத்தகைய பகுதிகள் எத்தனை என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். கூட்டம் இன்னும் பெரிது என்றால் ஐம்பதை அலகாகக் கொள்ளலாம். கிடைக்கும் விடை மதிப்பீடுதான் என்றாலும், எண்ணே இல்லாத பதிவை விட அது பன்மடங்கு பயனுள்ளது. எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்று எழுதவும் செயலி இடம் தருகிறது; இருந்தது என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் தெரியாது. ஐந்து இருந்தனவா, ஐந்நூறு இருந்தனவா என்று அறிய வழியில்லாததால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் சொல்லும் கறுப்புக் குருவிகள், கண் சிவந்தும் உடல் பச்சை கலந்த கறுப்பாய் மின்னியும் இருந்தால், பெரும்பாலும் ஏஷியன் குளோசி ஸ்டார்லிங் என்பவையாக இருக்கும். மார்பில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடிட்டவை அவற்றின் இளம்பறவைகள். அவற்றை வேறு இனமாகக் கருதி எழுதிவிடாதீர்கள்.

தெலுக் ஆயர் தாவார் முதல் கோலமூடா வரையுள்ள சேற்றுக்கரை, வடக்கே சைபீரியா வரையிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் தங்கும் முக்கியமான இடம். நீர் வற்றிக் கிடக்கும்போது பறவைகள் வெகுதூரம் போய்விடும். நீர் ஏறிவரும் நேரத்தில் அவை கரையை நோக்கி ஒதுங்கும் என்பதால், அந்நாளின் நீரேற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் எண்ணுவது எளிது. தொலைவில் நிற்பவற்றில் பெயர் தெரியாதவற்றைக் கரைப்பறவை வகை என்று மொத்தமாக எழுதி எண்ணிக்கையை இடலாம்.

கேள்வி: தாவரவியல் பூங்காவில் காலை நடைப்பயிற்சி செய்கிறேன். சில ஞாயிறுகளில் கொடிமலைக்கும் போவதுண்டு. நடந்துகொண்டே பதிவு செய்யும்போது தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? மலையில் இணைப்புக் கிடைக்காவிட்டால் பதிவு அழிந்துவிடுமா?
– வங்கி ஊழியர், பூலாவ் திக்குஸ்

பதில்: அழியாது. இணைப்பு இல்லாத இடத்தில் எழுதிய பட்டியல் கைப்பேசியிலேயே காத்திருக்கும். வீடு திரும்பியபின் அனுப்பலாம். ஜிபிஎஸ் தொடர்ந்து இயங்குவதால் மின்கலம் விரைவாகக் குறையும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை, சென்ற பாதையிலேயே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டுமே எழுத வேண்டும். செயலி நீங்கள் வைத்த ஒவ்வோர் அடியையும் கணக்கில் சேர்ப்பதால், போய்வந்த தூரம் இரட்டிப்பாகத் தெரியும். அனுப்புமுன் அதைத் திருத்திவிடுங்கள். பூங்காவை ஒரு முழு வட்டமாகச் சுற்றினால் திருத்த வேண்டியதில்லை. திரும்பி வரும்போது அதே பறவையை மீண்டும் கண்டதாகத் தோன்றினால் அதை இரண்டாம் முறை எண்ணவும் வேண்டாம்.

பூங்காவை இபேர்ட் வரைபடத்தில் ஹாட்ஸ்பாட் என்ற பொதுவிடமாகக் காணலாம். சொந்தமாக ஒரு புள்ளியை வைக்காமல் அதையே தேர்ந்தெடுத்தால், தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே பூங்காவுக்குள் நுழைந்த ஒருவர் எழுதிய பட்டியலும், உங்கள் பட்டியலும், வெளிநாட்டுப் பயணி ஒருவர் எழுதிய பட்டியலும் ஒரே இடத்தின் கணக்கில் சேரும். நடக்கும் வேகத்தையும் கவனியுங்கள்; உடற்பயிற்சிக்காக விரைந்து நடப்பதும் பறவைக்காக நடப்பதும் ஒன்றாகா. ஒரு சுற்றைப் பயிற்சிக்கும் இன்னொரு சுற்றைப் பறவைக்கும் வைத்துக்கொண்டால் இரண்டுமே ஒழுங்காக நடக்கும்.

கொடிமலைக்குப் போகும்போது அடிவாரத்தில் தொடங்கிய பட்டியலை இரயில் ஏறுமுன் முடித்துவிட்டு, மேலே இறங்கியதும் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயரும் மலையில் அடிவாரத்துப் பறவைகளும் உச்சிப் பறவைகளும் ஒரே மாதிரியாக இரா. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், எந்தப் பறவை எந்த உயரத்தில் இருந்தது என்பதைப் பிறகு எவராலும் பிரித்தெடுக்க முடியாது. வேறுபட்ட வாழிடம் வரும்போதெல்லாம் புதுப் பட்டியல் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் முறை.

கேள்வி: குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் செயலி இருக்கிறதாமே? அது சொல்வதை அப்படியே பதிவு செய்யலாமா?
– தொழிற்சாலைப் பணியாளர், நிபோங் திபால்

பதில்: கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற செயலியைத்தான் குறிப்பிடுகிறீர்கள். 2014இல் வெளிவந்த அந்தச் செயலியில் குரலறியும் வசதி 2021இல் சேர்க்கப்பட்டது, அதற்கும் கட்டணமில்லை. கற்றுக்கொள்வதற்கு மிக நல்ல துணை. ஆனால் அது சொன்னதை அப்படியே பதிவு செய்யக் கூடாது. உலகின் எல்லாப் பறவைகளின் குரலையும் அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கல்லாத குரலைக் கேட்கும்போது, தான் கற்றவற்றுள் அதற்கு நெருக்கமான ஒன்றின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். நம் காடுகளில் துடுப்பு வால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடுவதில் தேர்ந்தது; அது பாடும்போது செயலி அங்கே இல்லாத பறவையின் பெயரைக் காட்டினால் வியப்பதற்கில்லை. பெயர் திரையில் வந்தால், குரல் வந்த மரத்தைத் தேடிப் பாருங்கள். கண்டால் எழுதுங்கள், காணாவிட்டாலும் அந்தக் குரல் உங்களுக்கே ஐயமின்றித் தெரிந்த குரல் என்றால் எழுதுங்கள். குயிலைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் வட்டாரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பறவைக்கூட்டு வணிகத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களில், உழவாரக் குருவிகளைக் கவர்வதற்கென்று ஒலிபெருக்கியில் அவற்றின் குரலைப் பகல் முழுவதும் ஒலிபரப்புகிறார்கள். கைப்பேசிக்கு ஒலிபெருக்கியும் உண்மைப் பறவையும் ஒன்றுதான். அங்கே வானில் கண்ணால் கண்டவற்றை மட்டும் எண்ணுங்கள்.

கூண்டுப் பறவைகளும் அவ்வாறே. மெர்போக் புறாவையும் முராய் எனப்படும் குண்டுக்கரிச்சானையும் வீட்டு முன்றிலில் தொங்கவிட்டு வளர்ப்பது இங்கே பரவலான வழக்கம். அந்தக் குரல்கள் பதிவுக்கு உரியவையல்ல. கோலாலம்பூர் பறவைப் பூங்காவுக்குள் வளர்க்கப்படும் பறவைகளையும் எழுதக் கூடாது. ஆயினும் வெளியிலிருந்து தானாகப் பறந்து வந்து அங்கே மரத்தில் அமர்ந்த மாங்குயிலைத் தாராளமாக எழுதலாம். கூண்டிலிருந்து தப்பி வெளியில் திரியும் பறவையைக் கண்டால் அதையும் எழுதி, குறிப்பில் உங்கள் ஐயத்தைச் சொல்லுங்கள். அத்தகையவற்றை இபேர்ட் தனியே வகைப்படுத்திக் காட்டுகிறது.

கேள்வி: நான் சேர்த்த ஒரு பறவைக்கு அரிது என்ற குறி வந்தது. சில நாள் கழித்து, விவரம் கேட்டு மின்னஞ்சலும் வந்தது. என் சொல்லை நம்பவில்லை என்றுதானே பொருள்?
– கணக்காளர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: ஐயா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை காணப்படலாம் என்று ஒரு வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டும் பதிவுகளைக் கணினி தானாகவே தனியே எடுத்து வைக்கும். அந்த வட்டாரத்துப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர்கள் அவற்றைப் பார்வையிடுவார்கள். நீண்ட அனுபவமுள்ளவர்களுக்கும் இதே மின்னஞ்சல் வருகிறது. சம்பளமின்றித் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து இப்பணியைச் செய்பவர்களுக்கு நாம் தரக்கூடிய சிறந்த உதவி தெளிவான விடைதான்.

மிக நன்றாகப் பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பறவையின் பருமன், அலகின் வடிவம், எந்த உறுப்பில் என்ன நிறம், எழுப்பிய குரல், எவ்வளவு தொலைவில் எத்தகைய வெளிச்சத்தில் பார்த்தீர்கள், அதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பறவை எது, அது இல்லை என்று எதனால் முடிவு செய்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலானை எடுத்துக்கொள்வோம். வலசைப் பறவையான அது நவம்பரில் எங்கும் இருக்கும். ஜூன் மாதத்தில் எழுதினால் கேள்வி எழக்கூடும், ஏனெனில் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பசிபிக் தகைவிலான் அதற்கு மிகவும் ஒத்தது. தொண்டைச் செம்மைக்குக் கீழே கறுப்புப் பட்டை இருந்ததா, வால் நீண்டு பிளந்திருந்ததா என்ற இரண்டு விவரங்களே அங்கே வழக்கைத் தீர்த்துவிடும். மங்கலான படமாக இருந்தாலும் இருந்தால் இணையுங்கள்.

விவரம் போதவில்லை என்று அவர்கள் முடிவு செய்தாலும், பறவை உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். பொதுக் கணக்கில் மட்டும் சேராது. மீண்டும் யோசித்தபோது உங்களுக்கே ஐயம் வந்தால், நீங்களே திருத்திக்கொள்ளலாம். எத்தனை ஆண்டுக்குப் பின்னும் திருத்த வழியுண்டு.

கேள்வி: வீட்டிலிருந்து பதிவு செய்தால் என் முகவரி எல்லாருக்கும் தெரிந்துவிடுமா?
– குடும்பத் தலைவி, செராஸ், கோலாலம்பூர்

பதில்: இடத்துக்குப் பெயரிடும்போது வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதாமல், தாமானின் பெயரை மட்டும் எழுதுங்கள், புள்ளியையும் அருகிலுள்ள விளையாட்டுத் திடலுக்கோ தெருமுனைக்கோ நகர்த்தி வைக்கலாம். உங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால், கணக்கு அமைப்பில் அதை மறைக்கும் வசதி இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மரப்பொந்தில் இருவாட்சி கூடு வைத்திருப்பதாகத் தெரிகிறது. பதிவு செய்தால் கூட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– பழத்தோட்டக்காரர், தெலுக் பஹாங்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பெண் இருவாட்சி பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு உள்ளேயே அடைகாக்கும். அத்தனை நாளும் ஆண் பறவைதான் அந்தப் பிளவு வழியே உணவூட்ட வேண்டும். மனிதர்கள் மரத்தடியில் கூடி நின்றால் ஆண் பறவை நெருங்கத் தயங்கும்; உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். பறவையைப் பதிவு செய்யுங்கள்; கூட்டையும் மரத்தையும் குறிப்பில் எழுதாதீர்கள். இடத்தைப் பொதுவாகக் குறித்து, குஞ்சு வெளியேறும் வரை பட்டியலை அனுப்பாமல் வைத்திருந்தாலும் தவறில்லை. கூட்டின் படத்தைப் புலனத்திலோ முகநூலிலோ பகிர வேண்டாம்.

வேட்டைக்கும் வணிகத்துக்கும் இலக்காகும் சில இனங்களின் இடவிவரங்களை இபேர்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. பாராவ் பாராவ் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும், இனிய குரலுக்காகவே பிடிக்கப்பட்டு மிக ஆபத்தான நிலைக்கு வந்துவிட்ட கொண்டைக்குருவி அவற்றுள் ஒன்று. ஆனால் செயலி மறைப்பதை மற்றவர் பேச்சு வெளிப்படுத்திவிடக்கூடும் என்பதால், அத்தகைய பறவையைக் கண்டவர் வாய் காப்பது மிக அவசியம். பறவை பிடிப்பவர்களைக் கண்டால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் தெரிவியுங்கள். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில், கண்ட பறவைகளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்தக் குறிப்புகளால் இனிப் பயன் உண்டா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, இம்முறை வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது தங்களுடையது. செயலிகள் வருவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகள், அதிலும் தோட்டப்புறப் பதிவுகள் அரியவை. தோட்டமே இல்லாமற்போன இடத்தில் அங்கே என்னென்ன பறந்தன என்பதற்கு வேறு சான்று கிடைப்பது கடினம்.

நாள், இடம், பறவை ஆகிய மூன்றும் தெளிவாக உள்ள பக்கங்களை முதலில் பிரித்தெடுங்கள். கைப்பேசியை விட இபேர்டின் இணையத்தளத்தில் இவற்றை உள்ளிடுவது எளிது. அங்கே பழைய தேதியைக் குறித்து, தோட்டம் இருந்த இடத்தை வரைபடத்தில் தேர்ந்தெடுத்து, வரலாற்றுப் பதிவு என்ற வகையில் எழுதலாம். தந்தையார் எவ்வளவு நேரம் பார்த்தார், கண்ட எல்லாவற்றையும் எழுதினாரா என்பது தெரியாவிட்டால் முழுமையானதல்ல என்றே விடையளியுங்கள். எண்ணிக்கை இல்லாத இடங்களில்தான் எக்ஸ் குறிக்கு உண்மையான வேலை இருக்கிறது. அவர் தமிழிலோ மலாயிலோ வழங்கிய பெயரை எழுதியிருந்து, அது எந்தப் பறவை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஊகிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்; குறிப்பில் அவருடைய சொற்களை மாற்றாமல் படியெடுத்து எழுதுங்கள். நாட்குறிப்பின் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூல ஏட்டையும் கரையான் அண்டாமல் காப்பாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் இயற்கைக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். இருபது பிள்ளைகளும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா?
– ஆசிரியர், பிறை

பதில்: வேண்டாம். ஒரே இடத்தில் ஒன்றாக நின்று பார்க்கும் குழுவுக்கு ஒரு பட்டியலே உரியது. இருபது பேர் அதே ஆறு மைனாக்களைத் தனித்தனியே எழுதினால் நூற்றிருபது மைனாக்கள் இருந்ததாகிவிடும். நீங்கள் உங்கள் கணக்கில் பதிவு செய்யுங்கள். உடன் வரும் மற்ற ஆசிரியர்களுக்கும் கணக்கு இருந்தால், அனுப்பிய பட்டியலை அவர்களோடு பகிரலாம். அப்படிப் பகிர்ந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகாது. பிள்ளைகள் இரு குழுக்களாகப் பிரிந்து திடலின் இருவேறு பகுதிகளுக்குப் போனால், அங்கே இரண்டு பட்டியல் எழுதலாம்.

பிள்ளைகளுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் கையேட்டில் எழுத, ஆசிரியர் செயலியில் சேர்ப்பது நல்ல முறை. எல்லாரும் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பறவையைப் பார்ப்பவர் இரார். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும், மே மாதத்தில் வரும் உலகப் பறவை நாளிலும் பள்ளியாகக் கலந்துகொள்ளலாம். அந்நாட்களில் இபேர்டில் அனுப்பும் பட்டியலே பங்கேற்பாகக் கொள்ளப்படும். 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையைத் தொடர்பு கொண்டால், பிள்ளைகளோடு நடந்து வழிகாட்டக்கூடியவர்கள் கிடைப்பார்களா என்று கேட்டறியலாம். முதல் நடையைக் காலை எட்டு மணிக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும், பிள்ளைகளும் களைத்துப்போவார்கள்.